சிங்கர் என்ற சொல்: கரிசல் நாட்டில் ஒரிஜினலும் டூப்ளிகேட்டும்

அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். தேவாங்கரும் சாலியரும் பல தலைமுறைகளாகத் தறியில் அமர்ந்த அவ்வூரில் நெய்யப்பட்ட சேலையும் வேட்டியும் துண்டும் தறியிலிருந்து அறுத்த நிலையிலேயே உடுத்தத் தக்கவையாக இருந்ததால், துணி மிகுந்த அந்த நாட்டில் ஊசிக்கு நெடுங்காலம் பெரிய வேலை இருக்கவில்லை. கிழக்கே குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழி வரையிலும் அதைத் தாண்டி நரிக்குடி வரையிலும் பரந்து கிடக்கும் மானாவாரி நிலம், அதாவது மழையை மட்டும் நம்பி விதைக்கப்படும் நிலம், கருங்கண்ணிப் பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் மிளகாயையும் விளைவித்தது. பருத்தி நூலாகி நூல் துணியானது இங்கே பழைய வழக்கம். அந்தத் துணியை வெட்டித் தைத்து ஆடையாக்கும் தொழிலோ இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இரவிக்கையும் சட்டையும் பள்ளிச் சீருடையும் பரவப் பரவத் தையல் எந்திரமும் பரவியது. அதை வாங்க முனைந்த ஒவ்வொரு தலைமுறையும், பெயர்பெற்ற நிறுவனத்தின் எந்திரத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதா, அதே அமைப்பில் வேறொருவர் செய்த மலிவான எந்திரத்தை வாங்குவதா என்ற கேள்வியின் முன் நின்றது. கடைத்தெருவின் மொழியில் முன்னது ஒரிஜினல், பின்னது டூப்ளிகேட். தெளிவானவைபோல் தோன்றும் இச்சொற்கள் தையல் எந்திரத்தின் வரலாற்றில் ஓரிடத்தில் நிலைத்து நின்றதே இல்லை.

அதற்கு முதற் சான்று திருப்பூரின் வேலைமொழியில் இருக்கிறது. கரிசல் காட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் செல்வோர் பலரையும் ஏற்றுக்கொண்ட அந்நகரின் ஆள்தேவை அறிவிப்புகள் ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், சிங்கர் டெய்லர் என்று தையல் தொழிலாளர்களைப் பிரித்துக் கேட்கின்றன. ஓவர்லாக் என்பது துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே, பிரியாதபடி நூலால் சுற்றித் தைக்கும் எந்திரம். பேட்லாக் என்பது பின்னலாடையின் மடிப்பைத் தட்டையாகவும் இழுத்தால் நெகிழும்படியும் தைப்பது. சிங்கர் என்பது ஒற்றை ஊசியும் அடியில் பாபினும் கொண்டு, மேல்நூலையும் கீழ்நூலையும் துணியின் நடுவே ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும் நேர்த்தையல் எந்திரம். அந்த வேலைக்குச் செல்பவர் அமரும் எந்திரத்தில் ஜப்பானிய ஜூக்கியின் பெயரோ சீன ஜாக்கின் பெயரோ பொறித்திருந்தாலும் அவர் சிங்கர் டெய்லர்தான். ஒரு நிறுவனத்தின் பெயர் அது செய்யாத எந்திரங்களுக்கும் பொதுப்பெயராகிவிட்ட இந்த மாற்றம் திருப்பூருக்கு மிக முன்பே தொடங்கி, மேல்நாட்டு நீதிமன்றங்களில் வழக்காடி முடிவு செய்யப்பட்டது.

காப்புரிமை என்பது ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு மட்டும் அதைச் செய்யவும் விற்கவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அரசு அளிக்கும் தனியுரிமை. எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் அமெரிக்காவில் தத்தம் எந்திரங்களுக்கு அதைப் பெற்றனர். முனையருகே கண் வைத்த ஊசியையும், நெசவாளர் நாடா என்று சொல்லும் ஓடத்தைப் போன்ற ஒன்றையும் இணைத்துப் பூட்டுத்தையல் இடுவது ஒருவர் உரிமையாகவும், துணியைப் பற்களால் நகர்த்துவது இன்னொருவர் உரிமையாகவும் சிதறிக் கிடந்ததால், பிறர் உரிமையை மீறாமல் முழு எந்திரம் ஒன்றைச் செய்வது எவர்க்கும் இயலாததாயிற்று. ஆகவே 1856இல் சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஹோவும் தம் உரிமைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தனர். மற்றவர்கள் எந்திரத்திற்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தித்தான் தொழில் செய்ய முடிந்தது. தொடக்கத்தில் அக்கட்டணம் 15 டாலர். கடைசிக் காப்புரிமை 1877இல் காலாவதியாகித் தொகுப்பு கலைந்தபோது அமெரிக்காவில் எந்திரத்தின் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. அதே ஆண்டில் சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. கஞ்சித் தொட்டியை நாடி மக்கள் நடந்த அந்நாளில் இந்த வறண்ட சீமைக்கும் தையல் எந்திரத்திற்கும் இடையே இருந்த தொலைவைச் சொல்ல வேறு விளக்கம் வேண்டியதில்லை.

காப்புரிமை முடிந்ததும் நகல் எந்திரங்கள் பெருகின. ஜெர்மானியத் தொழிற்சாலைகள் சிங்கரின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, அதைச் சிங்கர் முறை எந்திரம் என்றே சொல்லி விற்றன. பெர்லினில் செய்யப்பட்ட எந்திரங்களை லண்டனில் விற்ற லோக் என்பவர்மீது சிங்கர் நிறுவனம் தொடுத்த வழக்கில், வாங்குபவர் ஏமாறாதபடி செய்தவர் பெயரைக் காட்டும்வரை அந்தச் சொல்லை அமைப்பின் பெயராகப் பயன்படுத்துவது குற்றமாகாது என்ற கருத்தில் பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1882இல் தீர்ப்பளித்தது. ஜூன் என்னும் நிறுவனத்திற்கு எதிரான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் இன்னும் தெளிவாகப் பேசியது: காப்புரிமை முடிந்த எந்திரத்தை எவரும் செய்யலாம், அந்த எந்திர வகைக்குப் பொதுமக்கள் வழங்கும் பெயரும் அதனுடனேயே பொதுவுடைமையாகிவிடுகிறது, ஆனால் அதைச் செய்தவர் யார் என்பதை எந்திரத்தின்மேல் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியாக வேண்டும். அமைப்பை நகல் எடுப்பது நேர்மையான தொழில், அடையாளத்தை நகல் எடுப்பது ஏமாற்று என்று இத்தீர்ப்புகள் வரைந்த கோடு, ஒரிஜினல், டூப்ளிகேட் என்று பேசும் கடைத்தெரு வழக்கைவிடக் கூர்மையானது. இன்றைய வாங்குபவருக்கும் அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைக்கவில்லை.

இந்தியாவில் சிங்கரை வேரூன்றச் செய்தவர் நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்னும் பார்சி முகவர். கொழும்பிலும் அந்நிறுவனம் 1877இலேயே கால் பதித்திருந்தது. அதன் வலிமை எந்திரத்தில் மட்டும் இருக்கவில்லை. முழு விலையையும் ஒரே தடவையில் கொடுக்க இயலாதவர்களுக்கு மாதத் தவணையில் கொடுப்பது, தவணை வசூலிக்க வரும் ஆளே எந்திரத்தைப் பார்த்துச் சரிசெய்து தருவது, உதிரிப் பாகங்களைக் கிளைக் கடைகளில் எப்போதும் இருப்பில் வைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் சிங்கர் விற்ற பொருள். நிலத்தில் ஆண்டுக்கு ஒரு போகம் மட்டுமே எடுத்து, அதுவும் பொய்த்தால் கடனில் விழும் நாட்டில், தவணை என்ற சொல் எந்திரத்தின் பெயரைவிட எடை மிகுந்தது. விலை குறைந்த ஜெர்மானிய எந்திரங்கள் பக்கத்தில் இருந்தும் சிங்கர் நிலைத்ததற்கு, எஃகின் தரத்தைப் போலவே இந்த ஏற்பாடும் காரணம்.

எந்திர நாகரிகத்தை எதிர்த்த காந்தியடிகள் தையல் எந்திரத்திற்கு விலக்கு அளித்ததும் இவ்வரலாற்றில் சேர வேண்டிய செய்தி. 1924இல் இந்த விலக்கை அவர் வாயிலிருந்து வரவழைத்த கேள்விகளைக் கேட்டவர் ஜி. ராமச்சந்திரன், சாந்திநிகேதனில் பயின்ற அந்த இளைஞரே பின்னாளில் டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947இல் நிறுவினார். தன் மனைவி கையால் தைத்துச் சலிப்பதைக் கண்ட அன்பினால் சிங்கர் தையல் எந்திரத்தைச் செய்தார் என்று காந்தி நம்பினார். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லையாயினும், மனிதக் கையின் வேலையைப் பறிக்காமல் அதன் பாரத்தைக் குறைக்கும் எந்திரம் ஏற்கத்தக்கது என்ற அவருடைய அளவுகோல் பொருளுடையது. அந்த எந்திரத்தைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று கேட்கப்பட்டபோது, அத்தகைய தொழிற்சாலை அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று அவர் விடையளித்தார். கதர் வளர்த்த ஊர்களில் தையல் எந்திரம் எதிர்ப்பின்றி நுழைந்ததைப் புரிந்துகொள்ள இந்த உரையாடல் உதவும்.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு எந்திரம் அரிதாயிற்று. 1930களில் கல்கத்தாவில் தோன்றி, பின் லாலா ஸ்ரீராமின் கைக்கு வந்த ஜெய் என்ஜினியரிங் ஒர்க்ஸின் உஷா எந்திரம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. அதற்கும் கீழே, விலையில் இன்னும் இறங்கிய எந்திரங்களைப் பஞ்சாபின் லூதியானா அனுப்பியது. அங்கே ஒரு பட்டறை வார்ப்பு உடலைச் செய்ய, மற்றொன்று தண்டையும் வேறொன்று ஷட்டிலையும் கடைய, இன்னொருவர் எல்லாவற்றையும் பூட்டித் தம் விருப்பப்படி ஒரு பெயரைப் பொறித்து விற்றார். பாகங்களின் அளவு சிங்கரின் பழைய வகைகளைப் பின்பற்றியதால் ஒன்றின் பாகம் மற்றொன்றில் பெரும்பாலும் பொருந்தியது. தமிழகத்துத் தையல் கடைகளின் கால் மிஷின்களும், சீர்வரிசையோடு புகுந்த வீட்டுக்குச் சென்ற மிஷின்களும், பின்னாளில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் அரசு இலவசமாக வழங்கிய மிஷின்களும் பெரிதும் இந்த மரபில் வந்தவை. இவற்றைக் குறைவாகப் பேசுவது நன்றி மறந்த செயல். மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தின் உலை கொதிக்கக் காரணமாயிருந்த பல மிஷின்களின் மேல் இன்று யாருக்கும் நினைவில்லாத லூதியானாப் பெயர்களே இருந்தன.

தொழிற்சாலை எந்திரத்தின் கதை வேறு. கால் மிஷின் நிமிடத்திற்குச் சில நூறு தையல்கள் போடும் இடத்தில், மின்விசையில் ஓடும் தொழிற்சாலை எந்திரம் ஐயாயிரத்தைத் தாண்டும். 1970களின் இறுதியிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்தபோது அங்கே பெயர் பெற்றவை ஜூக்கி, பிரதர், யமாட்டோ, பெகாசஸ், கன்சாய் ஸ்பெஷல் என்ற ஜப்பானிய எந்திரங்கள். ஒரிஜினல் என்ற சொல்லின் பொருள் இக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு இடம் பெயர்ந்தது. ஆயினும் ஜப்பானின் தொழிலும் நகலில் பிறந்ததே. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆயுதம் செய்த பட்டறைகள் வேலையிழந்து நின்றபோது, சிங்கரின் பதினைந்தாம் வகை வீட்டு எந்திரத்தையே நாட்டுப் பொது மாதிரியாக ஏற்று, எல்லாப் பட்டறைகளும் ஒரே அளவில் பாகம் செய்யும்படி வரையறுத்து, நூற்றுக்கணக்கான பெயர்களில் அதை உலகெங்கும் ஜப்பான் விற்றது. 1938இல் டோக்கியோவின் எந்திரத் தொழிலர் கூடித் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கிய அமைப்பே ஜூக்கியாக மாறி, போருக்குப் பின் தையல் எந்திரத்திற்குத் திரும்பி, 1953இல் தொழிற்சாலை எந்திரத்தில் இறங்கியது. நகலிலிருந்து தொடங்கியவர்கள் மூலத்தை மிஞ்சியதற்கு அளவுத் தரத்தில் காட்டிய கண்டிப்பே காரணம். ஐம்பதாண்டுக்குப் பின் அதே பாதையில் சீனா நடந்தது.

சீனத்தின் சேச்சியாங் மாநிலத்தில் உள்ள தைசோ நகர் தையல் எந்திரப் பட்டறைகளின் பெருங்கூட்டம். ஜாக் நிறுவனம் அங்கே 1995இல் பிறந்தது, ஜோஜேயும் அவ்வூரினதே. ஜூக்கியின் 8500, 8700 என்ற எண்களால் அறியப்படும் நேர்த்தையல் எந்திரங்களின் வடிவமும் அளவும் அவ்வூரின் பல பட்டறைகளுக்கு மாதிரியாயின. சிங்கர் என்ற சொல்லுக்கு நேர்ந்தது 8700 என்ற எண்ணுக்கும் நேர்ந்து, அது ஒரு வகையின் பெயராகவே வழங்குகிறது. பிறகு நகல் செய்தவர்கள் மூலத்தை விலைக்கு வாங்கும் நிலையும் வந்தது: ஜெர்மனியின் பழம்பெரும் டூர்கோப் ஆட்லர் 2005இல் ஷாங்காய் நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று, துணி வெட்டும் எந்திரங்கள் செய்த புல்மரை ஜாக் 2009இல் வாங்கியது. இவற்றுக்கு நடுவே, விலையிலும் தரத்திலும் இடைப்பட்டதாகத் தைவானின் சிருபா நின்றது.

நகலுக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை அறிய எந்திரத்தின் அடிப்பகுதிக்குச் செல்ல வேண்டும். ஊசி துணியைத் துளைத்துக் கீழ் எல்லையைத் தொட்டு, இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மேலெழும்போது, அதன் பின்புறத்தில் நூல் சிறு வளையமாக விரிகிறது. ஹூக் என்று தொழிலாளர் சொல்லும் சுழல் கொக்கியின் முனை அக்கணத்தில் அந்த வளையத்தைக் கவ்வி, பாபினைச் சுற்றி இழுத்துச் சென்று, கீழ்நூலோடு பூட்டுகிறது. கொக்கி முனைக்கும் ஊசிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கு முதல் பத்துப் பங்கு. ஒரு தலைமயிரின் தடிமன் அளவு. 8700 வகையின் உச்ச வேகமான நிமிடத்திற்கு 5,500 தையலில் இந்தக் கவ்வல் நொடிக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் தவறாமல் நிகழ வேண்டும். இடைவெளி கூடினால் தையல் விடும். குறைந்தால் கொக்கியின் முனை ஊசியில் உரசி மழுங்கும், அல்லது ஊசி உடையும்.

இந்த அளவுகளை நகல் செய்வது கடினமன்று. புத்தம்புதிய நிலையில் நல்ல நகல் எந்திரமும் மூலமும் ஒரே மாதிரிதான் தைக்கும். நகல் செய்யக் கடினமானவை கண்ணுக்குத் தெரியாதவை: கொக்கியின் எஃகுக்குத் தரப்படும் வெப்பப் பதம், தண்டு சுழலும் புஷ்ஷின் வழுவழுப்பு, வார்ப்பிரும்பு உடலைக் கடைவதற்கு முன் அதன் உள்ளிறுக்கம் தணியும்வரை காக்கும் பொறுமை. அவசரமாகக் கடையப்பட்ட உடல் சில ஆண்டுகளில் மயிரிழை அளவு முறுக்கிக்கொள்ளும். தலைமயிர் அளவே இடைவெளி உள்ள எந்திரத்தில் அது பெரிய முறுக்கு. ஆகவே விலையின் வேறுபாடு முதல் நாளில் தெரிவதில்லை, மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோதான் தெரியும். மூன்று ஷிப்ட் ஓடும் ஏற்றுமதி ஆலைக்கு அந்தக் கணக்கு பெயர்பெற்ற எந்திரத்தின் பக்கம் சாயும். ஜவுளித் தொழில் நவீனமாக 1999இல் மத்திய அரசு தொடங்கிய வட்டி மானியத் திட்டமும், வங்கிக் கடனுக்குத் தகுதி பெற்ற அத்தகைய ஆலைகளுக்கே எளிதில் எட்டியது.

கரிசல் நாட்டின் கணக்கு அதுவன்று. இந்த வறண்ட நிலத்தின் இரு ஓரங்களில், ஒட்டப்பிடாரம் அருகே புதியம்புத்தூர் சிறுவர் ஆயத்த ஆடைக்கும், இராஜபாளையத்திற்குத் தெற்கே தளவாய்புரம் நைட்டிக்கும் பெயர் பெற்றன. இரண்டும் வீட்டுத் திண்ணையிலும் சிறு கொட்டகையிலும் சில எந்திரங்களோடு நடக்கும் பீஸ் ரேட் தொழில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தொழில். பண்டிகைக்கு முன் இரவு பகலாக ஓடி, பிறகு வேலை குறைந்து கிடக்கும் எந்திரத்திற்குப் பத்தாண்டு உழைப்பைக் கணக்கிட்டுப் பெருவிலை கொடுப்பதைவிட, அதே பணத்தில் கூடுதலாக ஓர் எந்திரம் போட்டு இன்னொருவரை அமர்த்துவது அறிவுடைமையே. மின்சாரமும் இக்கணக்கில் சேரும். பழைய கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுவிட்சு போட்ட நேரமெல்லாம் சுழன்றுகொண்டிருப்பது. மிதியை அழுத்தும்போது மட்டும் சுழலும் சர்வோ மோட்டார் அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலை முடிப்பது. பெயர்பெற்ற பழைய எந்திரத்தைக் கிளட்ச் மோட்டாரோடு வாங்குவதா, சர்வோ பூட்டிய புதிய சைனா மிஷினை வாங்குவதா என்று கேள்வி உருமாறியபோது பலருக்கு விடை தானாகவே கிடைத்தது. 2012இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில் இரண்டும் ஒன்றுபோல் முடங்கின. லூதியானாக் கால் மிஷின் மட்டும் ஓடியது.

இங்கே தீர்மானிக்கும் சக்தி மெக்கானிக்கிடமும் உதிரிப் பாகக் கடையிடமும் இருக்கிறது. ஆடிக்காற்றில் பறக்கும் கரிசல் புழுதி பாபின் கூட்டிலும் எண்ணெய்த் தொட்டியிலும் இறங்கி, எண்ணெயோடு சேர்ந்து தேய்ப்புச் சாந்தாகிறது. எந்தப் பெயருடைய எந்திரத்திற்கும் அந்தப் புழுதி சலுகை காட்டுவதில்லை. பழுதான பாகம் மதுரையிலிருந்தே கிடைக்குமானால் வேலை ஓரிரு நாளில் தொடரும். அதற்குத் திருப்பூர்வரை சொல்லி அனுப்ப வேண்டுமானால் ஒரு வாரக் கூலி போகும். பலரும் நகல் செய்த வகையின் பாகம் எங்கும் கிடைக்கும், யாரும் நகல் செய்யாத அரிய வகையின் பாகம் எங்கும் கிடைக்காது என்ற காரணத்தால், நகலின் பெருக்கமே மூல எந்திரத்தை வைத்திருப்பவருக்கும் காவலாக அமைந்தது. சிங்கர் நிறுவனம் தன் வசூல் ஆளைக் கொண்டு ஒரு காலத்தில் செய்த வேலையை இன்று இந்தப் பொது அளவு செய்கிறது. சாத்தூர் வட்டாரத்தில் ஈ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் அமையவென்று 2023இல் அறிவிக்கப்பட்ட பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா, திருப்பூருக்குப் பெயர்ந்தவர்களின் வேலையை ஊர்ப்பக்கம் கொண்டுவரும் என்ற எதிர்பார்ப்பை எழுப்பியிருக்கிறது. அது கொண்டுவர வேண்டியவற்றில் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் முதலிடத்தில் இருக்க வேண்டும்.

நகலைப் பற்றிச் சொன்ன நல்லவை எதுவும் போலிக்குப் பொருந்தாது. தன் பெயரைத் துணிந்து பொறித்துக்கொண்டு வரும் சைனா மிஷினும் லூதியானா மிஷினும், 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு கேட்ட நேர்மையைக் காட்டுகின்றன. பிறர் பெயரைத் திருடிப் பொறித்த கொக்கியும் பாபின் கேஸும் ஊசியும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றால் ஏமாறுபவர் பெரிய ஆலைக்காரர் அல்லர். அவருக்குச் சோதித்துப் பார்க்க ஆளும் கருவியும் உண்டு. மகளிர் குழுக் கடனில் எந்திரம் வாங்கி, கெட்டுப்போன பாகத்திற்கு ஒரிஜினல் விலை கொடுத்து, மறு மாதமே தையல் விடுவதைக் கண்டு தன் கைப்பழக்கத்தின்மேல் குறை காணும் பெண்ணே ஏமாறுகிறார்.

கைமாறி வரும் பழைய எந்திரங்களில் இந்தப் பகுப்புகள் எல்லாம் கலந்துபோகின்றன. ஜப்பானில் வார்த்த உடலில் தைசோக் கொக்கி சுழல்கிறது. சீன உடலில், சேமித்த பணத்தில் வாங்கிப் பூட்டிய ஜப்பானிய ஹிரோஸே கொக்கி சுழல்கிறது. மோட்டார் மூன்றாம் ஊரிலிருந்து வந்தது, மேசைப் பலகை உள்ளூர் ஆசாரி அறுத்தது. விவரமறிந்து வாங்குபவர் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகு எந்திரத்தின் தலையைச் சாய்த்து, கைச்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத் தண்டில் ஆட்டம் உண்டா என்று விரலால் உணர்ந்து, கொக்கியின் முனையை நகத்தால் தடவிப் பார்த்து, அதன்பின் விலை பேசத் தொடங்குகிறார்.